அல்ட்ராசோனிக் கிளீனரில் இ-லிக்விட் ஊறவைப்பது எப்படி: அவசரக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

இ-சிகரெட்டில் ஊற்றும் இ-லிக்விட்டைச் சொந்தமாகக் கலக்கத் தொடங்கிய யாருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு எரிச்சல் வரும். கணக்குப் போட்டு, துளித்துளியாக எடை பார்த்து, கை வலிக்கக் குலுக்கி, ஆசையாக ஒரு இழுப்பு இழுத்தால், வாசனைத் திரவியத்தை நேராக நாக்கில் விட்ட மாதிரி இருக்கும். அனுபவசாலியிடம் கேட்டால், "இரண்டு வாரம் அலமாரியில் வை, சரியாகிவிடும்" என்பார். இரண்டு வாரமா! அந்தப் பொறுமை இல்லாதவர்கள் பிடித்த குறுக்குவழிதான் அல்ட்ராசோனிக் கிளீனர். மூக்குக்கண்ணாடியும் நகையும் கழுவுகிற அதே சின்னத் தொட்டிதான். அதில் தண்ணீர் ஊற்றி, பாட்டிலை இறக்கி, பொத்தானை அழுத்திவிட்டு, மாலைக்குள் லிக்விட் தயாராகிவிடும் என்று நம்புகிறோம்.

நம்பிக்கை பாதி பலிக்கும். எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் இயந்திரத்தின் மேல் கோபம் வராது, லிக்விட்டும் வீணாகாது.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. ஏற்கெனவே வேப், அதாவது இ-சிகரெட், பிடிக்கிற வயதுவந்தவர்களை நினைத்து எழுதியது இது. பழக்கம் இல்லாதவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். இன்னொன்று, பல நாடுகளில் இ-சிகரெட்டுக்கு முழுத் தடை இருக்கிறது. வேறு சில இடங்களில் நிக்கோட்டினின் அடர்த்திக்கு மட்டும் வரம்பு உண்டு. நீங்கள் இருக்கும் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அடுத்த பத்திக்கு வாருங்கள்.

ஊறுகிறபோது பாட்டிலுக்குள் என்ன நடக்கிறது

ஸ்டீப்பிங் என்று எல்லோரும் சொல்கிற இந்த ஊறவைத்தல் ஒரே வேலை இல்லை. மூன்று நான்கு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காததால்தான் இயந்திரத்தைப் பற்றி இவ்வளவு சண்டை.

முதலாவது வெறும் கலப்பு. இ-லிக்விட்டில் பெரும்பங்கு விஜி எனப்படும் கிளிசரின். அது எவ்வளவு கெட்டி என்றால், 20 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை தண்ணீரைப்போல் சுமார் 1400 மடங்கு. பிஜி எனப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் அதைவிடப் பல மடங்கு நீர்த்தது. ஃப்ளேவர் பெரும்பாலும் பிஜியில்தான் கரைந்து வருகிறது. கெட்டியான திரவத்துக்குள் நீர்த்த திரவம் போகும்போது நன்றாகக் குலுக்கினாலும் உடனே ஒன்றாகிவிடாது. புதிதாகக் கலந்த பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே கண்ணாடி நூல்கள் போல வளைந்து வளைந்து ஏதோ ஓடும். அந்த நூல்கள் தெரிகிறவரை கலப்பு முடியவில்லை.

இரண்டாவது, ஆவியாவது. சில ஃப்ளேவர்களில் எத்தனால் இருக்கும். புதுக் கலவையில் தொண்டையைக் கீறுகிற, மூக்கில் ஏறுகிற காட்டம் பெரும்பாலும் அதனுடையது. மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து வைத்தால் போய்விடும். ஆனால் அது போகும் வழியாகவே பழவாசனை தரும் எஸ்டர்களும் போகும். இதைப் பிறகு பார்ப்போம்.

மூன்றாவது வேதிவினை. வெனிலாவின் வெனிலின், பாதாம், செர்ரி வாசனைகளின் பென்சால்டிஹைடு, பட்டையின் சின்னமால்டிஹைடு மூன்றும் ஆல்டிஹைடு வகை. இவை பிஜியோடு மெல்ல வினைபுரிந்து அசிட்டால் என்ற புதுச் சேர்மங்களாகின்றன. கஸ்டர்ட் வகை லிக்விட் நாளாக ஆகக் கூர்மை குறைந்து வழவழப்பாவதில் இதற்கும் பங்கு உண்டு. நிமிடக்கணக்கில் முடிகிற வினை இல்லை இது, நாள்கணக்கில் நடக்கும்.

நான்காவது ஆக்சிஜனேற்றம். காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் நிக்கோட்டின் சிதைந்து நிறம் மாறும். தெளிவாக இருந்த லிக்விட் தேன் நிறத்துக்கு வருவது பெரும்பாலும் இதனால்தான். நிறம் ஏறினால் ஊறிவிட்டது என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். என் கணக்கில் அது தவறு. நிக்கோட்டின் இல்லாத பாட்டில் ஒரு மாதம் கழித்தும் தண்ணீர் போலவே இருக்கலாம், சுவையோ அருமையாக இருக்கும்.

சரி, இதில் அல்ட்ராசோனிக் கிளீனர் எதைச் செய்யும்? முதல் வேலையை நன்றாகச் செய்யும். சூடு இருந்தால் மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளிவிடும். மற்ற இரண்டுக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. எனவே, பழ ஃப்ளேவர் என்றால் மறுநாளே பிடிக்கலாம். வெனிலா, கஸ்டர்ட், புகையிலை வகை என்றால் காத்திருப்பு குறையலாம், இல்லாமல் போகாது. வாரக்கணக்கை அரை மணி நேரமாக்கிவிட்டேன் என்று யாராவது சொன்னால், அவர் கலந்தது பழ ஃப்ளேவராக இருக்கும், அல்லது அவருக்கு நாக்கு மரத்திருக்கும்.

தொட்டி எப்படி வேலை செய்கிறது

தொட்டியின் அடியில் வெளிப்புறமாகப் பீசோ வில்லைகளை ஒட்டியிருப்பார்கள். மின்சாரம் போனதும் அவை விநாடிக்குச் சுமார் 40,000 முறை அதிரும். அந்த அதிர்வு தண்ணீருக்குள் எண்ணிலடங்காத நுண்குமிழிகளை உண்டாக்கி, உடனே நொறுக்குகிறது. கேவிட்டேஷன் என்பது இதுதான். குமிழி நொறுங்குகிற அந்தக் கணத்து அடிதான் நகையின் இடுக்கில் உள்ள அழுக்கைப் பெயர்த்தெடுக்கிறது.

நம் பாட்டிலுக்குள் இது அப்படியே நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அதிர்வு கண்ணாடியைத் தாண்டி உள்ளே போகும், ஆனால் கெட்டியான கிளிசரினில் குமிழி உண்டாவது சிரமம். குளிர்ந்த விஜியில் அதிர்வு சீக்கிரம் அடங்கிவிடும். இங்கேதான் சூட்டின் பங்கு வருகிறது. 20 டிகிரியில் 1400 மடங்காக இருந்த கெட்டித்தன்மை 40 டிகிரியில் சுமார் 280 ஆகவும், 60 டிகிரியில் சுமார் 80 ஆகவும் இறங்குகிறது. வெறும் 20 டிகிரி ஏற்றினால் ஐந்தில் ஒரு பங்கு! மந்திரத்தில் பெரும்பங்கு வெதுவெதுப்பான தண்ணீருடையது என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். உண்மையா என்று நீங்களே சோதிக்க ஒரு வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தக் கருவி, எந்தப் பாட்டில்

சந்தையில் இரண்டு வகை. ஒன்று பிளாஸ்டிக் உடம்போடு, கண்ணாடி, நகை கழுவ வரும் சின்னது. ஹீட்டர் இருக்காது, மூன்று நிமிடமோ எட்டு நிமிடமோ ஓடித் தானாக நிற்கும். மற்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, இரண்டு மூன்று லிட்டர் பிடிக்கும், ஹீட்டரும் டைமரும் உண்டு. புதிதாக வாங்குவதானால் இரண்டாவதைத் தேடுங்கள். முதல் வகை ஏற்கெனவே இருந்தால் அதுவும் போதும்: வெந்நீரை நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் இயந்திரத்துக்கு ஓய்வு தர வேண்டும். அடுத்தடுத்து அழுத்திக்கொண்டே இருந்தால் உள்ளே சூடேறிச் செத்துப்போகும்.

பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கும் கரைப்பானும் போட்டு உதிரிபாகம் கழுவிய தொட்டியை இதற்கு எடுக்காதீர்கள். பாட்டில் மூடியிருக்கிறதே என்று தோன்றும். மூடியின் மரையில் ஒட்டுகிற ஒரு சொட்டு, நாளை உங்கள் நுரையீரலுக்குப் போகும்.

பாட்டில் கண்ணாடியாக இருக்கட்டும். மென்மையான பிளாஸ்டிக் அதிர்வை விழுங்கிவிடும். பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டில்கள் சூடு கூடினால் உருக்குலையும். பழுப்பு நிறக் கண்ணாடி என்றால் வெளிச்சமும் தடைபடும். ரப்பர் குமிழுள்ள சொட்டு மூடியைக் கழற்றிவிட்டுச் சாதாரணத் திருகு மூடி போடுங்கள். என் முதல் முயற்சியில் இதைச் செய்யாமல் விட்டேன். ஸ்ட்ராபெரி கலவை, மூன்று சுற்று ஓட்டினேன், திறந்தால் புது டயர் வாசனை.

அதே நாளில் இன்னொரு பாடமும் கிடைத்தது. மூன்று பாட்டிலில் மூன்று கலவை, மூன்றிலும் காகித லேபிள். இருபது நிமிடத்தில் லேபிள்கள் உரிந்து கூழாகி மிதந்தன. தண்ணீரில் ஒரே மாதிரி மூன்று பாட்டில்கள், எது எதுவென்று தெரியவில்லை. ஒன்றில் நிக்கோட்டின் இருந்தது, இரண்டில் இல்லை. மூன்றையும் அப்புறப்படுத்தினேன், வேறு வழியில்லை. இப்போதெல்லாம் மூடியின் மேலேயே அழியாத மார்க்கரால் ஒரு எண் எழுதிவிட்டு, விவரத்தை நோட்டில் எழுதுகிறேன்.

கலப்பு

ஊசியில் அளப்பதைவிட 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் எடை பார்ப்பது சுலபம், துல்லியமும்கூட. ஒரு மில்லி விஜி 1.26 கிராம், ஒரு மில்லி பிஜி 1.036 கிராம். ஃப்ளேவருக்கும் பிஜியின் எடையையே வைத்துக்கொள்ளலாம், பெரிய பிழை வராது.

30 மில்லிக்கு ஒரு கணக்கு. 70 பங்கு விஜி, 30 பங்கு பிஜி, 10 சதவீதம் ஃப்ளேவர், மில்லிக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று வைத்துக்கொள்வோம். விஜி 21 மில்லி, அதாவது 26.46 கிராம். ஃப்ளேவர் 3 மில்லி, சுமார் 3.11 கிராம். கையில் இருப்பது பிஜியில் கரைத்த, மில்லிக்கு 20 மில்லிகிராம் உள்ள நிக்கோட்டின் என்றால் 30-ஐ 3-ஆல் பெருக்கி 20-ஆல் வகுங்கள்: 4.5 மில்லி. மீதி பிஜி 1.5 மில்லி, சுமார் 1.55 கிராம். கூட்டினால் 30 மில்லி.

இந்த 4.5 மில்லியை இப்போது சேர்க்காதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: நிக்கோட்டின் தொட்டிக்குள் போகக் கூடாது. சூடும் காற்றும் அதைச் சிதைக்கும், சுவை காரமாகி மிளகு மாதிரி உறைக்கும். அதைவிட முக்கியம், பாட்டில் விரிசல் விட்டாலோ மூடி கசிந்தாலோ தொட்டி முழுக்க நிக்கோட்டின் தண்ணீராகிவிடும், அதில்தான் நீங்கள் கைவிட்டுப் பாட்டிலை எடுப்பீர்கள். நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடலுக்குள் போகும்.

எனவே விஜி, பிஜி, ஃப்ளேவர் மூன்றையும் மட்டும் ஊற்றி மூடுங்கள். பாட்டில் முக்கால் பங்குக்கு மேல் நிறைய வேண்டாம். குலுக்கவும் இடம் வேண்டும், சூட்டில் விரியவும் இடம் வேண்டும். பிறகு சேர்க்கப்போகும் நிக்கோட்டினுக்கான இடத்தையும் கணக்கில் வைத்துக்கொண்டால், 30 மில்லி கலவைக்கு 50 மில்லி பாட்டில் வசதி. ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஃப்ளேவர் வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. எண்ணெயில் கரைத்த எசென்ஸ் எதுவும் கூடாது. சமையலில் அது சரி, நுரையீரலில் எண்ணெய் போனால் ஒரு வகை நிமோனியாவே வரும். 2019-ல் அமெரிக்காவில் வேப் பிடித்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நுரையீரல் பாதிப்பால் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், பலர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்த லிக்விட்டில் சேர்த்திருந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்ப் பொருள்தான் அதில் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது. இரண்டாவது, வெண்ணெய், கஸ்டர்ட் வாசனைகளில் டையசிட்டைல், அசிட்டைல் புரோப்பியோனைல் இல்லை என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுத்தது அந்த டையசிட்டைல்தான். எவ்வளவு ஊறவைத்தாலும் அது போகாது.

தொட்டியில் ஓட்டுவது

தண்ணீரை முதலில் ஊற்றுங்கள், அப்புறம்தான் மின்சாரம். வெறும் தொட்டியை ஒரு விநாடிகூட ஓட்டாதீர்கள். அதிர்வு போக இடமில்லாமல் வில்லைகள் கெட்டுப்போகும். தொட்டியில் குறைந்த அளவு, கூடிய அளவு என்று கோடு இருக்கும், இரண்டுக்கும் நடுவில் நிற்கட்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து குமிழி எளிதில் உண்டாகும், விடாவிட்டாலும் குடி முழுகிவிடாது. தண்ணீருக்குப் பதில் ஸ்பிரிட், ஆல்கஹால் ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு, அதிர்வு, எரியக்கூடிய ஆவி மூன்றும் ஒரே மேசையில் வேண்டாம்.

சூடு 40 முதல் 45 டிகிரி. அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. 60, 70 என்று ஏற்றுகிறவர்கள் உண்டு. கெட்டித்தன்மை இன்னும் குறையும்தான், ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சு, பெர்ரி வாசனைகள் மூடியின் இடுக்கு வழியாகவே நழுவிவிடும். ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: ஹீட்டரை அணைத்துவிட்டாலும் அதிர்வின் ஆற்றலே தண்ணீரைச் சூடாக்கிக்கொண்டிருக்கும். 42-ல் தொடங்கியது, ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் 50-ஐத் தாண்டலாம். ஒரு வெப்பமானியை உள்ளே போட்டு வையுங்கள்.

பாட்டில் இல்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும்; அது இருக்கும்வரை அதிர்வின் பலம் பஞ்சில் குத்தின மாதிரி வீணாகும். முதலில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பி மேலே வரும், சத்தம் சொரசொரப்பாக இருக்கும். சற்று நேரத்தில் குமிழிகள் அடங்கிச் சத்தம் ஒரே சீரான இரைச்சலாக மாறும். அந்த மாற்றம் காதுக்கே தெரியும். அதுதான் பாட்டிலை இறக்கும் நேரம்.

தொட்டி உண்மையிலேயே வேலை செய்கிறதா என்ற சந்தேகம் இருந்தால், ஒரு துண்டு அலுமினியத் தாளைத் தண்ணீரில் செங்குத்தாக அரை நிமிடம் பிடித்துப் பாருங்கள். ஓட்டை ஓட்டையாக, மேடுபள்ளமாக வந்தால் நல்லது. அப்படியே மொழுமொழுவென்று வந்தால் இயந்திரம் வெறும் சத்தம்தான் போடுகிறது. தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், விரல் தண்ணீருக்குள் போக வேண்டாம். ஓடும் தொட்டியில் கை வைக்கக் கூடாது.

பாட்டிலைத் தொட்டியின் அடியில் நேராக வைக்காதீர்கள். கூடவே வரும் வலைக்கூடையில் வையுங்கள், இல்லாவிட்டால் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். அடியில் கண்ணாடி உட்கார்ந்து அதிர்ந்தால் பாட்டிலுக்கும் கேடு, தொட்டிக்கும் கேடு. தண்ணீர் மட்டம் உள்ளே உள்ள லிக்விட்டின் மட்டத்துக்கு மேலேயும், மூடிக்குக் கீழேயும் நிற்க வேண்டும். மூடி முழுகினால் தண்ணீர் உள்ளே கசியும். கலவையில் தண்ணீர் சேர்ந்தால் இ-சிகரெட்டில் சூடேறும் கம்பிச்சுருளான காயிலில் சடசடவென்று தெறிக்கும்.

இப்போது ஓட்டலாம். நான் செய்வது 20 நிமிடம் ஒரு சுற்று, மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவில் பாட்டிலை வெளியே எடுத்து, துடைத்து, நன்றாகக் குலுக்கி, வேறு இடத்தில் திருப்பி வைப்பேன். இடம் மாற்றுவதற்குக் காரணம் உண்டு. 40 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் தண்ணீரில் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தொட்டிக்குள் அலைகள் மோதிப் பலமான இடம், பலவீனமான இடம் என்று மாறி மாறி நிற்கும். ஒரே இடத்தில் விட்டுவிட்டால் பாட்டில் பலவீனமான இடத்தில் உட்கார்ந்து சும்மா குளித்துவிட்டு வரும். குலுக்குவதை மட்டும் தவிர்க்காதீர்கள். அதிர்வு நுட்பமாகக் கலக்கும், ஆனால் அடியில் உள்ளதை மேலே கொண்டுவருவது உங்கள் கைதான்.

மூடியைத் திறந்து வைத்து ஓட்டலாமா? பழ ஃப்ளேவருக்கு ஒருபோதும் வேண்டாம். ஆல்கஹால் காட்டம் அடிக்கிற கலவை என்றால் எல்லாச் சுற்றும் முடிந்த பிறகு தொட்டிக்கு வெளியே வைத்து, ஓரிரு மணி நேரம் மூடியைத் திறந்து வைத்தால் போதும். தொட்டிக்குள் திறந்த பாட்டில் என்றால் தண்ணீர் தெறித்து உள்ளே விழுவது நிச்சயம்.

வீட்டில் நாயோ பூனையோ இருந்தால் அது இருக்கும் அறையில் ஓட்டாதீர்கள். நமக்குக் கேட்பது மெல்லிய இரைச்சல், அவற்றின் காதுக்கு அந்த உச்ச ஒலியே எட்டும்.

ஓய்வும் நிக்கோட்டினும்

மூன்றாவது சுற்று முடிந்ததும் விளக்குக்கு நேராகப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி நூல்கள் மறைந்திருக்க வேண்டும். பால் மாதிரி வெளுத்துத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். குலுக்கியதில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழிகள் அவை, சில மணி நேரத்தில் மேலேறி உடைந்துவிடும். அறைச் சூட்டுக்கு வரும்வரை பாட்டிலைத் தொடாதீர்கள்.

ஆறிய பிறகு நைட்ரைல் கையுறை போட்டுக்கொண்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, நிக்கோட்டினை எடை பார்த்துச் சேருங்கள். பிஜியில் கரைத்தது என்பதால் வெதுவெதுப்பில் ஏற்கெனவே ஒன்றாகியிருக்கும் கலவையில் அது எளிதாகக் கலக்கும், இரண்டு நிமிடம் குலுக்கினால் போதும். எவ்வளவு அடர்த்தியான நிக்கோட்டின் கிடைக்கிறதோ அவ்வளவு சிக்கனம் என்று சிலர் மில்லிக்கு 100 மில்லிகிராம் உள்ள பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். புதியவருக்கு அது வேண்டவே வேண்டாம். 20-ல் ஒரு மில்லி கூடிப்போனால் லிக்விட் கொஞ்சம் கடுமையாகும்; 100-ல் அதே பிழை நிக்கோட்டினை இரண்டு மடங்காக்கிவிடும். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். தலைசுற்றல், வியர்வை, குமட்டல், வாந்தி வந்தால் யோசிக்காமல் மருத்துவ உதவி தேடுங்கள். யாராவது, குறிப்பாகக் குழந்தை, விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறி வரும்வரை காத்திருக்காதீர்கள். பழவாசனையோடு ஒரு அழகான குட்டிப் பாட்டில் குழந்தை கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துவிட்டு, பூட்டுள்ள இடத்தில் வையுங்கள்.

அப்புறம் ஒரு இரவு. ஆமாம், இயந்திரம் ஓட்டிய பிறகும் ஒரு இரவு இருட்டில் வையுங்கள். பழக் கலவைக்கு அதுவே போதும். புதினா, மெந்தால் வகைக்கும் அப்படியே. கிரீம் கலந்த பழத்துக்கு மூன்று நான்கு நாள். வெனிலா, கஸ்டர்ட், புகையிலைக்கு, என் அனுபவத்தில், ஒரு வாரத்தில் பிடிக்கிற நிலைக்கு வரும், மூன்றாவது வாரம்தான் "அட" என்று சொல்ல வைக்கும். தொட்டியில் போடாததும் அந்த மூன்றாவது வாரத்தில் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கிறது.

சோதனை

நான் சொல்வதை நம்ப வேண்டாம், செய்து பாருங்கள். ஒரே கலவையை 90 மில்லிக்குச் செய்து, குலுக்கி, மூன்று பாட்டிலில் சமமாகப் பிரியுங்கள். ஒன்று நேராக அலமாரிக்குப் போகட்டும். இன்னொன்றை 42 டிகிரித் தண்ணீருள்ள சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணி நேரம் வைத்து, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்குங்கள்; தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். மூன்றாவது தொட்டியில் அதே ஒரு மணி நேரம். மறுநாள் வேறொருவரிடம் கொடுத்து, எது எதுவென்று உங்களுக்குத் தெரியாமல் எண் மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் காயிலில் புதுப் பஞ்சு போட்டு, நடுவில் தண்ணீர் குடித்து, சுவை பாருங்கள். ஒரே நாளில் பத்துப் பதினைந்து இழுப்புக்கு மேல் வைத்துக்கொண்டால் நாக்கு எதையும் பிரிக்காது.

நான் இதை மாம்பழக் கலவையில் செய்தபோது அலமாரிப் பாட்டிலை மட்டும் சட்டென்று கண்டுபிடித்தேன், வாசனை தனியாகவும் இனிப்பு தனியாகவும் நின்றது. வெந்நீர்ப் பாட்டிலையும் தொட்டிப் பாட்டிலையும் மூன்று முறை முயன்றும் சரியாகப் பிரிக்க முடியவில்லை. அதற்காக இயந்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. வெந்நீரை மாற்றிக்கொண்டே நிற்பதைவிட டைமரைத் திருகிவிட்டு வேறு வேலை பார்ப்பது சுகம், ஆறு பாட்டிலை ஒரே நேரத்தில் இறக்கலாம். ஆனால் இதற்காகவே புதிதாக ஒன்று வாங்கலாமா என்று கேட்டால், முதலில் ஒரு பாத்திரத்தையும் வெப்பமானியையும் எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

தவறு நடந்தால்

சுவையே இல்லாமல் மந்தமாக வந்தால் சூடு கூடிவிட்டது அல்லது மூடி தளர்வாக இருந்தது. போன வாசனை திரும்பாது, அடுத்த முறை 40-ல் நிறுத்துங்கள். தொண்டையில் உறைத்தால் பழைய நிக்கோட்டினா என்று பாருங்கள். அதைக் குளிர்ச்சியான, இருட்டான இடத்தில், பாட்டில் நிறைய வைத்தால் நீண்ட நாள் கெடாது. கலவை மறுபடி இரண்டு அடுக்காகப் பிரிந்தால் ஓட்டிப் பயனில்லை, எண்ணெய் கலந்த ஃப்ளேவர் உள்ளே வந்துவிட்டது, அதைப் பிடிக்காமல் அப்புறப்படுத்துங்கள். பட்டை, எலுமிச்சை வகைக் கலவைகள் இ-சிகரெட்டில் லிக்விட் நிற்கும் சில பிளாஸ்டிக் டேங்குகளை மங்கலாக்கி விரிசல் விட வைக்கும், அவற்றுக்குக் கண்ணாடி டேங்க் பயன்படுத்துங்கள்.

பாட்டில் தொட்டிக்குள் உடைந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். நிக்கோட்டின் சேர்க்காததால் அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடலாம். கண்ணாடித் துண்டுகளைக் கையால் துழாவாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள், தொட்டியின் உள்பக்கத்தைச் சுரண்டாதீர்கள். உடையாவிட்டாலும் வேலை முடிந்ததும் தண்ணீரைக் கொட்டித் துடைத்து, மூடியைத் திறந்தே காயவிடுங்கள். நேற்றைய தண்ணீரை நாளைக்கு என்று விட்டு வைத்தால், அடுத்த தடவை மூடியைத் திறக்கும்போது எந்த ஃப்ளேவர் பட்டியலிலும் இல்லாத ஒரு வாசனை வரும்.